ஒளிப்பதிவு: ஆர். நடராஜ முதலியார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழகத்தின் முதல் கதைப்படமான 'கீசகவதம்' பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆர். நடராஜ முதலியாரைத் தயாரிப்பாளர், இயக்குநர் என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் அந்தப் படத்துக்குக் கேமராமேனும் அவரேதான். அது விடுபட்டுப் போனது எனக்கு மனசு கேட்கவில்லை.

1885இல் எங்கள் வேலூரில் பிறந்தவர். சென்னையில் சைக்கிள், கார் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர், புனேவுக்குப் போய் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஒளிப்பதிவாளரிடம் தொழில் கற்றார். தஞ்சாவூர் மூப்பனார் ஒருவரிடமிருந்து வில்லியம்சன் கேமராவையும் பிரிண்டரையும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார். கையால் சுற்றுகிற கேமரா. நொடிக்கு 16 படம் விழ வேண்டும். சுற்று வேகமானால் திரையில் ஆள் மெதுவாக நடப்பார், மந்தமானால் ஓடுவார். 35 நாள் அந்தக் கை தாளம் தப்பாமல் சுற்றியிருக்கிறது.

புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலை ஸ்டூடியோவில் கூரைக்குப் பதில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டி, அதன் வழியே இறங்கும் வெயிலில்தான் படம் எடுத்தார். 1974இல் நான் உதவியாளாகச் சேர்ந்த போட்டோ ஸ்டூடியோவிலும் கண்ணாடி ஓட்டுக்குக் கீழே மல் துணிதான் கட்டியிருந்தோம். காற்றடித்துத் துணி ஆடினால் முகத்தில் நிழலும் ஆடும். மேகம் விலகும்வரை கல்யாணப் பெண்ணை உட்கார வைத்துக் காத்திருப்போம். நாங்கள் எடுத்தது அசையாத படம். அவர் அந்த வெளிச்சத்தில் கீசகனையும் திரௌபதியையும் நடமாட விட்டார்.

ஃபிலிம் கழுவ பெங்களூரில் லேப் வைத்து, வாரக் கடைசியில் அங்கே போய்விடுவாராம். சென்னைச் சூடு ஃபிலிமுக்கு ஆகாது என்பதால்தான். வேலூர் மே மாதத்தில் டெவலப்பர் தட்டுக்கு அடியில் ஐஸ் வைத்தும், நெகட்டிவின் பூச்சு இளகி விரலோடு வந்ததைப் பார்த்தவன் நான். அவர் ஏன் அத்தனை தூரம் போனார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

1923இல் ஸ்டூடியோ எரிந்தது, மகனும் இறந்தார். அதோடு படத் தொழிலை விட்டுவிட்டு 1971 வரை வாழ்ந்தார். 'கீசகவத'த்தில் ஓர் அடி ஃபிலிம்கூட இன்று நம்மிடம் இல்லை. இருப்பது பெயர் மட்டும்தான். அடுத்த முறை எழுதும்போது அந்தப் பெயருக்குப் பக்கத்தில் 'ஒளிப்பதிவு' என்றும் போடுங்கள், ஐயா.

ஓய்வுபெற்ற ஸ்டூடியோ போட்டோகிராபர்,
காட்பாடி, வேலூர்.