காருக்குள் வரும் புகை நெடி: பணிமனை நடத்துவோருக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஒரு திறந்த மடல்

கோவை, பொள்ளாச்சி வட்டாரத்தில் கார் பணிமனை நடத்துவோருக்கும் அங்கே பணிபுரியும் மெக்கானிக்குகளுக்கும்,

வணக்கம்.

'வண்டிக்குள் சைலன்சர் புகை நெடி அடிக்கிறது' என்று ஒருவர் சொல்லி நின்றால், பிரேக் பிடிக்கவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் எவ்வளவு கவனம் கொடுப்பீர்களோ அவ்வளவு கவனத்தை இதற்கும் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

எங்கள் டீசல் காரில் சென்ற மழைக்காலத்தில் அந்த நெடி தொடங்கியது. சிக்னலில் நிற்கும்போதும் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் மெதுவாக ஏறும்போதும் வரும். நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் போய்விடும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிப்பதற்குள் பின்னிருக்கையில் இருந்த அம்மாவுக்குத் தலைவலியும் குமட்டலும் வந்துவிட்டன. மலைப்பாதையில் எல்லோருக்கும் வருவதுதானே என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து உட்கார வைத்தோம். ஒரு வளைவுகூட இல்லாத சமவெளிச் சாலையில், நெரிசலில் அரை மணி நேரம் நின்ற இன்னொரு நாளில் அதே தலைவலி திரும்ப வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

முதலில் போன இடத்தில் ஏசி ஃபில்டரை மாற்றி, உள்ளே மணக்கும் ஸ்பிரே அடித்துக் கொடுத்தார்கள். இரண்டு நாள் மணம் இருந்தது, பிறகு நெடி வந்தது. அடுத்த இடத்தில் பின் சைலன்சரையே மாற்றினார்கள். மூன்றாம் இடத்தில், புகைச் சான்று சரியாக இருக்கிறதே, பிறகென்ன என்றார்கள். இந்தப் பதில்தான் என்னை மிகவும் வருத்தியது. டீசல் வண்டிக்கு அந்தச் சான்று தருவதற்கான சோதனை, சைலன்சர் குழாயின் கடைசி முனையில் கருவியை வைத்து, ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது வரும் புகையின் அடர்த்தியை அளக்கிறது. அந்த முனைக்கு வந்து சேருவதற்கு முன்பே கசிந்து வெளியேறும் வாயு அக்கருவிக்குத் தெரியவே தெரியாது. சான்று சரியாக இருப்பதும் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் புகையைச் சுவாசிப்பதும் ஒரே நாளில் நடக்கக்கூடியவை.

நான்காவதாகப் பார்த்த பெரியவர் எந்த உதிரிபாகத்தையும் தொடுவதற்கு முன் என்னிடம் கேள்விகள் கேட்டார். நிற்கும்போதா, ஓடும்போதா? வெளிக்காற்று வரும்படி ஏசியை வைத்தால் கூடுகிறதா, உள்காற்றே சுழலும்படி வைத்தால் குறைகிறதா? உள்காற்றில் குறைகிறது என்றதும் போனட்டைத் திறந்து, எஞ்சின் மேல்மூடியைக் கழற்றினார். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் மூன்றாவதைச் சுற்றித் தார் ஊற்றியதுபோல் கறுப்பாக இறுகிக் கிடந்தது. அதன் அடியில் இருக்கும் செப்பு வாஷர் தேய்ந்துபோனதால், சிலிண்டரில் எரிந்த வாயு மேலே பீறிட்டு, முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுவாய் வழியாக ஏசி ப்ளோயருக்குள் போயிருக்கிறது. வேகமாக ஓடும்போது எதிர்க்காற்று அந்த வாயுவை அடித்துக்கொண்டு போய்விடும். நின்றால் அது அங்கேயே தேங்கும். வேகம் பிடித்ததும் நெடி ஏன் போய்விடுகிறது என்ற என் கேள்விக்கு விடை அவ்வளவுதான். இன்ஜெக்டரைக் கழற்றி, அது உட்காரும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புது வாஷர் போட்டு, போல்ட்டை உரிய டார்க்கில், அதாவது உரிய முறுக்கு விசையில், முடுக்கினார். பழைய வாஷரைத் திருப்பிப் போட்டால் சில மாதங்களிலேயே மறுபடி கசியும் என்பதையும் அவரே சொன்னார்.

எல்லா வண்டியிலும் இதே கோளாறு இருக்காது என்பது எனக்குத் தெரியும். வேகத்தில் போகும்போது, அதிலும் ஜன்னலைச் சற்றே திறந்து வைத்திருக்கும்போது நெடி கூடினால், வண்டிக்குப் பின்னால் உண்டாகும் காற்றழுத்தக் குறைவு, டிக்கி கதவைச் சுற்றியுள்ள தேய்ந்த ரப்பர் பீடிங் வழியாகவோ அடித்தளத்தில் மூடி கழன்று விழுந்த துளை வழியாகவோ புகையை உள்ளே இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 'டிக் டிக்' என்று கேட்டு, எஞ்சின் சூடானதும் அடங்கும் சத்தம் பெரும்பாலும், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் மேனிஃபோல்டின் இணைப்பில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் பழுதையோ மேனிஃபோல்டில் விழுந்த விரிசலையோ காட்டுகிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது பணிமனையில் உள்ள காற்றூதும் ப்ளோயரால் சைலன்சர் முனை வழியாகக் காற்றைச் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்தால் கசியும் இடத்தில் நுரை குமிழியிடும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

பெட்ரோல் வண்டியென்றால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. ஆனால் ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பிணையும். மூக்குக்குத் தெரியும் நெடி அதோடு வரும் மற்ற வாயுக்களுடையது. அந்த நெடியை மணப்பொருள் கொண்டு மறைப்பது, எச்சரிக்கை மணியின் வாயைத் துணியால் கட்டுவதற்குச் சமம். டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது.

ஆகவே, நெடி என்று வரும் வண்டியின் ஜாப் கார்டில் (வேலை விவரம் எழுதும் சீட்டில்) அந்த நெடி எப்போது வருகிறது, எந்த வழியாக உள்ளே நுழைகிறது என்ற இரண்டையும் எழுதிய பிறகே உதிரிபாகங்களை மாற்றுங்கள். வழி அன்றைக்குத் தெரியவில்லையென்றால், குழந்தைகளையும் முதியவர்களையும் அந்த வண்டியில் ஏற்ற வேண்டாம் என்று உரிமையாளரிடம் நேராகச் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
பொள்ளாச்சியிலிருந்து ஒரு கார் உரிமையாளர்