டன்ஸ்மூர் பாடத்தை மாளிகையோடு முடித்துவிடாதீர்கள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண வரலாற்று ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிலக்கரிச் சுரங்க முதலாளி ராபர்ட் டன்ஸ்மூர் என்றதும், விக்டோரியா நகரில் அவர் கட்டத் தொடங்கிய கிரெய்க்டாரக் மாளிகைதான் நினைவுக்கு வருகிறது. அது கட்டி முடியும் முன்பே, 1889இல் அவர் இறந்துவிட்டார். மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அவருடைய சுரங்கத்தையும் சட்டமன்ற நாற்காலியையும்.

1851இல் ஸ்காட்லாந்திலிருந்து குடும்பத்தோடு வான்கூவர் தீவுக்கு வந்த கரித் தொழிலாளி அவர். பிறகு சுரங்க மேலாளரானார். 1869இல் நனைமோ அருகே வெலிங்டனில் நல்ல கரிப்படிவத்தைக் கண்டுபிடித்து முதலாளியானார். அந்தத் திறமையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1855 வேலைநிறுத்தத்தில் சக தொழிலாளர்களோடு அவர் சேரவில்லை. அதன் பிறகே தனியாகக் கரி வெட்டும் உரிமம் அவருக்குக் கிடைத்தது. இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

1877இல் கூலிக் குறைப்பை எதிர்த்து வெலிங்டன் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கம்பெனி வீடுகளிலிருந்து அவர்களின் குடும்பங்களை வெளியேற்ற ராணுவத் துணைப்படை வந்தது. ஐந்தே ஆண்டுகளில், 1882இல், நனைமோ தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரானார் டன்ஸ்மூர். எஸ்குவிமால்ட்–நனைமோ ரயில் பாதை போட்டதற்காக அவருடைய நிறுவனத்துக்கு 7,50,000 டாலரும் ஏறக்குறைய 20 லட்சம் ஏக்கரும் கிடைத்தன. பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண் அது.

1887இல் அவர் மாகாண நிர்வாக சபையின், அதாவது அமைச்சரவையின், தலைவர் (President) என்ற பதவிக்கு வந்தார்; இது முதலமைச்சர் பதவி அல்ல. 1888 ஜனவரி 24 அன்று வெலிங்டனில் அவருடைய சுரங்கம் வெடித்து 77 பேர் மாண்டார்கள். கூலியை முடிவு செய்தவரும் குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரரும் சட்டம் இயற்றியவரும் ஒரே ஆள். அப்படியானால், அந்தச் சுரங்கத்தைச் சோதிக்க வந்த அரசு ஆய்வாளர் யாருக்குக் கட்டுப்பட்டவர்? இந்தக் கேள்வியை வகுப்பில் எழுப்புங்கள். பிள்ளைகளே விவாதிக்கட்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். 1887 மே மாதம் நனைமோவில் வேறொரு கம்பெனியின் சுரங்கம் வெடித்துச் சுமார் 150 பேர் இறந்தார்கள். அரசு அறிக்கையில் வெள்ளையர்களுக்குப் பெயர் இருந்தது. சீனத் தொழிலாளர்களுக்கு வெறும் எண். வயிறு எரிகிறது. அந்தப் பட்டியலைப் படியெடுத்து, எண்களை எண்களாகவே மாணவர்கள் முன் வாசியுங்கள். டன்ஸ்மூர் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில் அவருடைய அரசு வெளியிட்ட அறிக்கைதான் அது என்பதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகர்