முதல் கோச்சி கொழும்பில இருந்து வரேல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பரில வந்த ரயில் கட்டுரையை ரெண்டு தரம் வாசிச்சனான், நல்லாத்தான் எழுதியிருக்கு, ஆனா யாழ்ப்பாணத்துக்கு 1905இல தான் ரயில் வந்தது எண்டு போட்டு எங்கட சாவகச்சேரியை அப்பிடியே விழுங்கிப் போட்டியள். 1905 ஆகஸ்டில நடந்தது கொழும்போட பாதை தொடுத்ததுதான். அதுக்கு மூண்டு வருசம் முந்தி, 1902 மார்ச்சிலயே வடகரைத் துறைமுகம் காங்கேசன்துறையில இருந்து சாவகச்சேரி மட்டும் கோச்சி ஓடீற்றுது, கொஞ்சக்காலம் எங்கட ஸ்ரேசனோட பாதை முடிஞ்சுது. யோசிச்சுப் பாருங்கோ, கொழும்போட தொடுப்பே இல்லாத நேரம் எஞ்சினும் பெட்டியும் கடலாலதானே வந்து இறங்கியிருக்கோணும்!

1956இல யாழ்தேவி எக்ஸ்பிரஸ் கோச்சி வந்தாப் பிறகு எல்லாரும் அதின்ர புழுகுதான், எனக்கெண்டா இரவு மெயில் கோச்சிதான் ஞாபகம். அப்பாவை ஏத்திவிடப் போறது, மாம்பழக் கடகத்தைச் சாக்கால மூடித் தைச்சு, அதில கொழும்பு விலாசத்தை மையால எழுதி, கார்ட் பெட்டியில ஏத்துமட்டும் அம்மா அதிலயே கண்ணா நிப்பா, அப்பா ஏறினாரோ இல்லையோ எண்டு பாக்கமாட்டா.

1990 ஜூனில சண்டையோட எல்லாம் நிண்டுது. சிலிப்பர்கட்டையும் தண்டவாளமும் பங்கருக்குப் போச்சு, பாதை கிடந்த மேட்டில நாங்கள் சைக்கிள் ஓடினனாங்கள். 2000 சண்டையில டவுனே தரைமட்டம். பிறகு 2014 அக்டோபரில திரும்பக் கோச்சி வந்தது, ஸ்ரேசனும் புதுசு, குறை சொல்லேல்ல. ஆனா அங்க 1902 எண்டு ஒரு சின்னப் பலகை கூட என்ர கண்ணில படேல்ல. போன மாசம் பக்கத்து வீட்டுப் பெடியனிட்டக் கேட்டன், "ஸ்ரேசன் 2014இல தானே மாமா கட்டினவை" எண்டுறான், அவனில என்ன பிழை.

பலகை போடுறது பெரிய செலவில்லை, உரியவை செய்யோணும். நீங்கள் திருத்தத்தைப் போடுங்கோ, அதோட பழைய ஸ்ரேசன் படம், அட்டை ரிக்கற் வச்சிருக்கிறவை இருந்தா அனுப்பச் சொல்லியும் கேளுங்கோ. எங்கட வீட்டில மிஞ்சின ரிக்கற் ஒண்டே ஒண்டு, 2000இல வெளிக்கிடேக்க அம்மா தையல் பெட்டியைத் தூக்கினதால தப்பினது. திகதி அழிஞ்சு போச்சு, சாவகச்சேரி எண்டது மட்டும் வாசிக்கலாம்.

இப்படிக்கு,
சாவகச்சேரி வாசகன்