தேர்தல் முடிந்ததும் துப்பாக்கிக் கடையில் கூட்டம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கத் துப்பாக்கி அரசியல் பற்றிய உங்கள் கட்டுரையில், ஜனநாயகக் கட்சி வென்றால் கட்டுப்பாடு இறுகும், குடியரசுக் கட்சி வென்றால் தளரும் என்று எழுதியிருந்தீர்கள். மேடைப் பேச்சை மட்டும் கேட்டால் அப்படித்தான் தோன்றும். நடந்ததைப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது.

2008 நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் ஒபாமா ஜெயித்தார். துப்பாக்கி வாங்க வருபவரைப் பற்றி எஃப்.பி.ஐ.யிடம் கேட்கப்படும் பின்னணிச் சோதனைகள் அந்த ஒரு மாதத்தில் 15 லட்சத்தைத் தாண்டின. முந்தைய நவம்பரில் சுமார் 11 லட்சம்தான். தடை வந்துவிடும், அதற்குள் வாங்கி வைத்துவிடுவோம் என்ற பதற்றம். நம் ஊரில் தேர்தல் என்றால் உரிமம் உள்ள துப்பாக்கியையே காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள்; அங்கே தேர்தல் முடிந்தால் கடையில் கூட்டம்!

சரி, தடை வந்ததா? 2009-ல் ஒபாமா கையெழுத்திட்ட கிரெடிட் கார்டு சட்டத்தோடு, தேசியப் பூங்காக்களுக்குள் துப்பாக்கி கொண்டுபோகலாம் என்ற பிரிவும் ஒட்டிக்கொண்டு வந்தது. கிரெடிட் கார்டுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

2012-ல் அவர் மறுபடி ஜெயித்த அடுத்த மாதமே சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த டிசம்பரில் சோதனைகள் 27 லட்சத்தைத் தாண்டின. துப்பாக்கிக் கண்காட்சியிலும் இணையத்திலும் வாங்குபவர்களையும் சோதிக்க வேண்டும் என்ற மசோதா, 2013 ஏப்ரலில் 100 பேர் கொண்ட மேலவையான செனட்டில் 54 வாக்கு வாங்கியும் தோற்றது. எதிர்ப்பவர்கள் விவாதத்தை இழுத்தடித்துத் தடுக்காமலிருக்கத் தேவைப்பட்டது 60. மான்டானா, அலாஸ்கா போன்ற மாநிலங்களின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களே எதிர்த்து வாக்களித்தார்கள்.

அப்புறம் குடியரசுக் கட்சியின் டிரம்ப் வந்தார். பயம் போனது, வியாபாரமும் படுத்தது. 1816-ல் தொடங்கிய ரெமிங்டன் நிறுவனம் 2018 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது (கடன் சுமையும் ஒரு காரணம்). சாதாரணத் துப்பாக்கியை இயந்திரத் துப்பாக்கி வேகத்தில் சுட வைக்கும் பம்ப் ஸ்டாக் என்ற இணைப்பு, 2017-ல் லாஸ் வேகாஸ் படுகொலையில் பயன்பட்டது. அதைத் தடை செய்தது டிரம்ப் அரசுதான். நிர்வாகத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. அப்படித் தீர்ப்பளித்த 6 நீதிபதிகளில் 3 பேர் டிரம்ப் நியமித்தவர்கள்.

வெள்ளை மாளிகையை விட்டுவிட்டு, செனட்டின் அந்த 60 வாக்கு விதியையும் நீதிபதி நியமனங்களையும் பற்றி அடுத்த கட்டுரையில் எழுதுங்கள்.

என் மருமகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறார். அவருடைய சக ஊழியர் ஒருவர், 2016-ல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹிலாரிதான் வரப்போகிறார் என்று நம்பித் தோட்டாப் பெட்டிகளாக வாங்கி அடுக்கினாராம். பாதி இன்னும் பிரிக்கப்படாமல் கார் கொட்டகையில் கிடக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்,
தஞ்சாவூர்