சோழவரம்னா ஏரி மட்டும்தானா மாப்ள?

மாப்ள,

நல்லா இருக்கியா? தங்கச்சி முட்டி வலி எப்படி இருக்கு? இங்க எல்லாரும் சௌக்கியம். சரி, விஷயத்துக்கு வரேன், மனசு ஆறல.

இருங்காட்டுக்கோட்டைக்கு பைக் ரேஸ் பாக்கப் போயிருந்தேன்டா. வரேன் வரேன்னு சொல்லிட்டு நீ வராததுக்கு நேர்ல பாக்கறப்ப வச்சுக்கறேன். பக்கத்துல ஒரு காலேஜ் பையன், எந்த டீம், எந்த ரைடர், லேப் டைம் என்னன்னு எல்லாம் விரல் நுனில வச்சிருக்கான். பேச்சுவாக்குல சோழவரம் ரேஸ்னு சொன்னேன். "சோழவரம்னா ஏரிதானே அங்கிள்"னு கேக்கறான். அவன் மேல தப்பு இல்ல, யாருமே சொல்லலன்னா அவனுக்கு எப்படித் தெரியும்?

சென்னைக்குப் பக்கத்துல சோழவரத்துல இருந்தது ரெண்டாம் உலகப்போர் காலத்து ஏர்ஸ்ட்ரிப், பிளேன் இறங்கறதுக்குப் போட்ட ரன்வே. 1953ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரங்க அதுல ரேஸ் நடத்தி, கடைசில நாடு முழுக்க இருந்து ஆளுங்க வண்டிய ஏத்திக்கிட்டு வர்ற எடமா ஆக்கிட்டாங்க. விஜய் மல்லையா என்சைன்ங்கற டீமோட பழைய எஃப்1, அதாவது ஃபார்முலா ஒன் வண்டி ஒண்ண கொண்டுவந்து ஓட்டினதுகூட அங்கதான். உங்க அப்பா நம்மள கூட்டிட்டுப் போன நாள்ல அந்தச் சத்தம் நெஞ்சுக்குள்ள எறங்கினது எனக்கு இன்னும் மறக்கல. நீ அழுதத நான் யார்கிட்டயும் சொல்லல, பயப்படாத.

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு, ரன்வேங்கறது ரேஸுக்காகக் கட்டினது இல்ல. தட்டையா, நீளமா, அகலமா கெடக்கும். நேரா மிதிச்சுப் போறவனுக்குத்தான் அது சொர்க்கம், எவன்கிட்ட பெரிய இன்ஜின் இருக்கோ அவன் கை ஓங்கும். வளைவுல எங்க பிரேக் புடிக்கறது, எந்த லைன்ல உள்ள போறதுங்கறத வருஷம் முழுக்க பழகணும்னா அதுக்குன்னு ஒரு டிராக் வேணும். அதான் கிளப்பே இருங்காட்டுக்கோட்டைல சொந்தமா கட்டிச்சு, 1990ல ரேஸ் ஆரம்பிச்சுது, சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. கிட்டத்தட்ட அதே சமயத்துல கோயம்புத்தூர்ல கரிவரதன் மாருதி 800 இன்ஜின வச்சு ஃபார்முலா மாருதின்னு கம்மி செலவுல ஒரு சிங்கிள் சீட்டர், ஓட்டறவன் மட்டும் உக்கார்ற ரேஸ் கார், செஞ்சாரு. எல்லாருக்கும் ஒரே இன்ஜின், அப்போ ஓட்டறவன் திறமைதானே முன்னாடி நிக்கும்? டிராக்கும் அந்த வண்டியும் சேந்து வந்ததுதான் பெரிய திருப்பம்னு நான் நெனைக்கறேன். நரேன் கார்த்திகேயன் அந்த ஃபார்முலா மாருதில ஆரம்பிச்சவர்தான், 2005ல ஜோர்டன் டீம்ல எஃப்1 ஓட்டினாரு, இந்தியால இருந்து மொத ஆளு. கரிவரதன் அதப் பாக்கலடா. 1995லயே விமான விபத்துல போயிட்டாரு. செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பேர் வச்சாங்க, அந்த வரைக்கும் நல்லது.

நொய்டா பக்கம் புத் சர்க்யூட் இருக்கே, எவ்ளோ காசக் கொட்டிக் கட்டினாங்க! 2011ல இருந்து 2013 வரைக்கும் மூணு எஃப்1 ரேஸ், மூணையும் ஜெர்மனிக்காரர் வெட்டல் ஜெயிச்சாரு, அப்புறம் வரித் தகராறு அது இதுன்னு எஃப்1 அந்தப் பக்கமே வரல. ஒரு கிளப் கட்டின இருங்காட்டுக்கோட்டைல முப்பது வருஷத்துக்கு மேல ஆகியும் பசங்க ஓட்டிட்டே இருக்காங்க. அத விட்டுட்டு எல்லாரும் புத் சர்க்யூட்டப் பத்தியே பேசறாங்கன்னா எனக்குக் கோவம் வருது.

இப்ப நீ ஒரு வேலை செய்யணும். சோழவரத்துல வண்டிய தொட்டுப் பாத்தவங்க எல்லாருக்கும் வயசாயிடுச்சு, ஒவ்வொருத்தரா போயிட்டு இருக்காங்க, எழுதி வச்சதோ கொஞ்சம்தான். அப்பாவ உக்கார வச்சு பேசச் சொல்லி போன்ல ரெக்கார்ட் பண்ணுடா. ரேஸ் நடுவுல வண்டிய நிறுத்திச் சரி பண்ற பிட் எந்தப் பக்கம் இருந்துச்சு, வண்டிங்க எங்க திரும்பிச்சு, ராத்திரி எங்க தங்கி இன்ஜின பிரிச்சு மாட்டினாங்க, எல்லாம் கேளு. அந்த ஜாவா பைக் கதைய மட்டும் எடுக்காத, எடுத்தா வேற எதுவும் பேச மாட்டாரு. பரண் மேல இருக்கற போட்டோ டப்பாவ பெயின்ட் அடிக்கறப்ப தூக்கிப் போட்டுடாதீங்க, நான் வந்து எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணித் தரேன். ஞாயித்துக்கிழமை காலைல போன் பண்றேன், அவருக்குக் காது மிஷின மாட்டி வை.

உன்,
ராசு