சங்கு நட்டுத் திசை காண்பது

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரமிட்டுகள் இம்மியும் பிசகாமல் வடக்கைப் பார்க்கின்றன, அது மனிதக் கைக்கு ஆகாத வேலை என்று சென்ற வாரக் கட்டுரை சொன்னது. பிசகு உண்டு. கீசாவின் பெரிய பிரமிட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 230 மீற்றர். அது வடக்கிலிருந்து ஒரு பாகையின் பதினைந்தில் ஒரு பங்கை ஒட்டி மேற்கே திரும்பியிருக்கிறது. பக்கம் முழுவதற்கும் கணக்கிட்டால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. எகிப்தியர் நட்சத்திரம் பார்த்தார்களா, நிழல் பார்த்தார்களா என்பதில் ஆய்வாளரிடையே இன்னும் வழக்குத் தீரவில்லை. நிழல்முறை எங்கள் ஸ்தபதிமாருக்குப் புதிதல்ல; பழைய கட்டடக்கலை நூலான மயமதம் விரித்துச் சொல்வதும் அதைத்தான்.

நிலத்தை முதலில் மட்டமாக்க வேண்டும். ஊற்றிய தண்ணீர் ஒரு பக்கம் ஓடாமல் நிற்க வேண்டும். நடுவில் ஒரு முழச் சங்கை, அதாவது நிழல் பார்க்கும் கோலை, நட்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் குண்டுநூல் பிடித்து நிமிர்த்த வேண்டும். அதன் உயரத்தைப் போல் இரு மடங்கு ஆரத்தில் வட்டம். காலையில் நிழல்நுனி வட்டத்துக்குள் நுழையும் இடத்திலும் பின்னேரம் வெளியேறும் இடத்திலும் முளை அடித்து நூல் கட்டினால் அது கிழக்கு மேற்கு. இரண்டு முளையிலிருந்தும் ஒரே அளவில் வில் போட்டால் மீன் வடிவம் வரும். அதன் தலையையும் வாலையும் இணைப்பது வடக்கு தெற்கு.

எங்கே பிழைக்கும்? பங்குனியிலும் புரட்டாதியிலும் காலைக்கும் பின்னேரத்துக்கும் இடையில் சூரியனே வடக்கோ தெற்கோ நகர்ந்துவிடும். அதனால் 100 அடிக்கு ஒன்றரை அங்குலத்துக்கு மேல் கோடு சரியும். ஜூன் 21, டிசம்பர் 21 நாட்களை ஒட்டி அந்தப் பிழை இல்லை. வன்னியில் மார்கழி மழையும் முகிலும். ஆகவே ஆனிதான் வசதி, சோளகம் எனும் தென்மேல் காற்றில் குண்டுநூல் ஆடாமல் மறைப்புக் கட்டினால். நிழல்நுனியும் கூராக விழாது. ஒரு அடிச் சங்குக்கே அரை அங்குலம் மங்கும். மூன்று நான்கு வட்டம் போட்டுச் சராசரி எடுப்பது நல்லது. கைபேசித் திசைகாட்டியை நம்பி அத்திவாரம் வெட்டுவோர், காந்த வடக்கு இங்கே மெய்வடக்கிலிருந்து ஒன்றரை, இரண்டு பாகை மேற்கே விலகியிருப்பதைக் கவனிக்க வேண்டும். திருத்தம் கொடுக்காவிட்டால் 100 அடிக்கு மூன்றடி அளவில் போய்விடும். பக்கத்தில் கம்பிக் குவியல் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அந்தக் கட்டுரை கல்லின் எடையை மட்டும் வியப்பது இன்னொரு குறை. எங்கள் குளங்களில் நிற்பது மண்கட்டு. கடினமான வேலை அதற்குள்ளால் தண்ணீரை வெளியே விடுவது. குளத்து நீரைத் திறந்துவிடும் பழைய துருசுகளில் சிங்களத்தில் பிசோகொட்டுவ எனப்படும் சதுரக் கிணறு கட்டின் நீர்ப்பக்கத்தில் இருக்கும். மதகுப் பலகை அதற்குள் இயங்கும். வரும் நீர் அங்கே வேகம் தணிந்துதான் கட்டுக்குக் கீழுள்ள கல்வாய்க்காலில் இறங்கும். இந்த வாய்க்கால் உள்ளே உடைவதைவிட அதன் வெளிச்சுவரை ஒட்டி நீர் கசிந்து மண்ணை அரிப்பதே பெரும் ஆபத்து. மிதித்து இறுக்கிய களிமண் அதற்குத்தான். கட்டில் வளர்ந்த மரத்தின் வேர் உக்கினாலும், கறையான் புற்று வைத்தாலும் அதே வழி திறக்கும். பழைய துருசைத் திருத்தும்போது கொங்கிறீற் போட்டு முகத்தை அழகாக்கிவிட்டு, பின்னாலுள்ள களிமண்ணைக் கிளறிய நிலையில் விடுகிறார்கள். அடுத்த மாரியில் கலங்கல் நீர் வருவது அந்த இடைவெளியால்தான்.

வாசகர்,
நெடுங்கேணி