குடுவையின் கழுத்தில் ஒரு விகிதம், அடியில் ஒரு விகிதம்

அடையாறு,
சென்னை

அன்புள்ள தோழிக்கு,

நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் நலமென்று, நாம் ‘பிப்பெட்டார்’ என்று கூப்பிடுபவரின் மகள் சொன்னாள். பதில் போடாததற்கு நீ என்னைத் திட்டிக்கொண்டிருப்பதையும் அவளே சொன்னாள். திட்டு, நியாயந்தான். இப்போது என்னை உட்கார்ந்து எழுத வைத்திருப்பது நம் பழைய பைத்தியமான பதங்கமாதல், திண்மம் உருகாமல் நேரே ஆவியாகும் அந்த வித்தை.

என்னிடம் ஆய்வு செய்யும் பெண் ஒருத்தி, இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வகை மூலக்கூறுகளில் ஒரு கை சற்றே மிகுந்த மாண்டெலிக் அமிலத்தை இளஞ்சூட்டில் வெற்றிடத்தில் உலர வைத்திருந்தாள். குடுவையின் கழுத்தில் மெல்லிய படிகங்கள் படிந்தன. அவற்றைச் சுரண்டிக் கரைத்து, எந்தக் கை எவ்வளவு மிகுதி என்பதை ஒளி திரும்பும் கோணத்தால் காட்டும் போலாரிமீட்டரில் வைத்தபோது ஓர் அளவு வந்தது. அடியில் கிடந்ததைக் கரைத்து வைத்தபோது வேறோர் அளவு வந்தது. முதலில் சோடியம் விளக்கின் மீது பழி போட்டாள், பிறகு கரைப்பான் மீது, கடைசியில் மிகுந்த பணிவுடன் என் மீது. இரண்டு அளவுகளுமே சரியானவை என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. அந்தக் காலத்தில் நீ எதையாவது நம்பினாயா என்ன?

ஆவிக்கு இடக்கை, வலக்கை என்ற பேதம் இல்லை. அந்தப் பேதமெல்லாம் படிகத்தில் இருக்கிறது. மாண்டெலிக் அமிலத்தில் இரு கைகளும் சரிசமமாகக் கோத்து அடுக்கிய சுழிமாய்ப் படிகம் ஒன்று, ஒரே கை மட்டும் அடுக்கிய படிகம் மற்றொன்று. முன்னது ஏறத்தாழ 119 டிகிரியிலும் பின்னது 132 டிகிரியிலும் உருகுவதிலிருந்தே இரண்டும் வேறுவேறு திண்மங்கள் என்பது விளங்கும். இரண்டும் ஒரே குடுவையில் இருக்கும்வரை, மேலே நிற்கும் ஆவியில் இரு கைகளின் விகிதம் சமநிலையில் மாறாத ஓர் எண்ணாக நிற்கும். அடியில் எது எவ்வளவு மிகுந்திருக்கிறது என்பதை அது பொருட்படுத்தாது. ஆகவே சேர்த்த கலவையின் விகிதம் அந்த எண்ணோடு தற்செயலாகப் பொருந்தினாலன்றி, கழுத்தும் அடியும் ஒத்துப்போகா. லூயி பாஸ்டர் 1848-இல் இடக்கை, வலக்கைப் படிகங்களைச் சாமணத்தால் பொறுக்கிப் பிரித்தது போல இரு கைகளும் தனித்தனிப் படிகமாகிவிடும் வகையில் (பத்தில் ஒன்றுகூட இந்த வகையில் தேறாது) இரண்டுக்கும் ஆவியழுத்தம் ஒன்றே என்பதால் மேலே சரிபாதியாக ஏறும், மிகுதி முழுவதும் கீழே தங்கிச் செறியும். மொத்தத்தையும் வழித்துக் கரைத்தால் பழைய விகிதமே திரும்ப வந்துவிடும் என்பதைச் செய்து காட்டிய பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

இது புதிதன்று. மாண்டெலிக் அமிலத்தில் இப்படி நேர்வதை 1970களிலேயே எழுதிவிட்டார்கள். என் கவலை வேறு. மருந்து மூலக்கூறுகளில் ஒரு கையின் தூய்மையை ஒரு சிட்டிகை எடுத்து அளந்து, பின்னப் புள்ளிகளோடு அறிக்கை எழுதுகிறோம். அந்தச் சிட்டிகையைக் குடுவையின் எந்த இடத்திலிருந்து எடுத்தாய், உலர்த்தும்போது எவ்வளவு பறந்துபோயிற்று என்று யாரும் கேட்பதில்லை. ஒரு வினையூக்கி ஒரே கையைத் தேர்ந்தெடுத்துச் செயல்பட்டது என்று நாம் கொண்டாடுவதில் எத்தனை, உலர்த்தும் பம்பு செய்த வேலையோ! என் மாணவர்களுக்கு இனி, அளப்பதற்கு முன் முழுவதையும் கரைத்தே ஆகவேண்டும் என்று விதி வைத்திருக்கிறேன். முணுமுணுக்கிறார்கள்.

டச்சு வேதியியலாளர் பென் ஃபெரிங்காவின் குழு 2007-இல், சிறிதளவே ஒரு கை மிகுந்த அமினோ அமிலங்களைப் பதங்கமாக்கி அந்த மிகுதியைப் பெருக்கிக் காட்டியது. 1969-இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில் ஐசோவாலின் என்ற அமினோ அமிலத்தின் இடக்கை மிகுந்திருப்பதோடு சேர்த்துப் பார்த்தால் உன் கற்பனை எங்கே ஓடும் என்று எனக்குத் தெரியும்: உயிர்களின் ஒற்றைக் கை விண்ணிலிருந்து வந்ததோ என்று. ஓடட்டும், ஆனால் சரிபாதிக் கலவையிலிருந்து பதங்கமாதல் தானாக ஒரு பக்கம் சாய்வதில்லை. ஏற்கெனவே இருக்கும் சாய்வைத்தான் அது கூட்டும். முதல் சாய்வு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

சூடத்தை வைத்து இதைச் செய்யலாமே என்று அல்வாவைப் பந்தயம் கட்டிக் கேட்டிருந்தாய். முடியாது, அம்மா! டர்பன்டைனிலிருந்து தயாராகும் கடைச் சூடம் பெரும்பாலும் சரிபாதிக் கலவை. ஒரு கை மிகுந்ததை நீ தேடிப்பிடித்தாலும், சூட மூலக்கூறுகள் படிகத்துக்குள்ளேயே சுழன்றுகொண்டிருப்பதால் இரு கைகளும் எந்த விகிதத்திலும் ஒரே படிகத்தில் உட்கார்ந்துவிடும். ஆவிக்குப் பிரிக்க எதுவும் மிஞ்சாது. பந்தயத்தில் நீ தோற்றாய், அல்வா வரட்டும்.

உன் கல்லூரி அலமாரியில் மாண்டெலிக் அமிலம் இருக்குமானால் பிள்ளைகளைச் செய்யச் சொல். வெற்றிடத்துக்கு எண்ணெய்ப் பம்பே வேண்டும். குழாய்த் தண்ணீர் ஓட்டத்தால் காற்றை உறிஞ்சும் ஆஸ்பிரேட்டரை நம்பாதே. 30 டிகிரித் தண்ணீரின் ஆவியழுத்தமே ஏறக்குறைய 32 மில்லிமீட்டர் பாதரசம், அதற்குக் கீழே அது இறங்காது. ஆவி படியும்படி உள்ளே நிற்கும் குளிர்ந்த குழாயான குளிர்விரல் அறைச்சூட்டுக்கு வரும்வரை குடுவையைத் திறக்காதே, இங்கே மே மாதப் புழுக்கத்தில் திறந்தவுடன் பனித்துளி கோத்துப் படிகங்கள் நனைந்துவிட்டன. கழுத்து, அடி, மொத்தம் என மூன்று அளவுகளையும் எந்தக் கரைப்பான், எந்தச் செறிவு என்ற விவரத்தோடு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய ஆய்வகக் கூட்டாளி